வயர் ஹெட்போனும் ஐஐடி பெட்டியும்: ஓர் அடாப்டரின் வரலாறு

திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் காதுகளை மட்டும் கவனித்தால் மூன்று கட்சிகள் தெரியும். முதல் கட்சி, வயரே இல்லாமல் காதுக்குள் குட்டி மொட்டுகளைச் செருகியவர்கள். இரண்டாவது, பழைய வயர் ஹெட்போனை நேராக செல்போனில் சொருகியவர்கள். மூன்றாவது கட்சியில் ஆள் குறைவு. காதில் அதே பழைய வயர் ஹெட்போன்தான். ஆனால் வயர் போனுக்குப் போகாது. சட்டைப் பையில் கிளிப் போட்டு மாட்டிய தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்றில் போய் முடியும். போன் பைக்குள் எங்கோ கிடக்கும். அந்தப் பெட்டிக்குப் பெயர் ப்ளூடூத் ரிசீவர். கடையில் வயர்லெஸ் அடாப்டர் என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

அது செய்யும் வேலை இவ்வளவுதான். போன் அனுப்பும் ரேடியோ அலையை 2.4 கிகாஹெர்ட்ஸில் வாங்கும். அதில் சுருக்கி அடைத்திருக்கும் பாட்டை விரிக்கும். ஹெட்போனுக்குப் புரிகிற சாதாரண மின் அலையாக மாற்றி, கொஞ்சம் பெருக்கி, 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் கொடுத்துவிடும். எதிரில் இருப்பது போனா பெட்டியா என்பது ஹெட்போனுக்குத் தெரியவே தெரியாது!

"கருவி நன்றாகத்தான் இருக்கிறது, நடுவில் இருக்கும் வயரை மட்டும் எடுத்துவிடு" என்பதுதான் இதற்குப் பின்னால் உள்ள யோசனை. கேட்க ரொம்பச் சின்ன விஷயம். ஆனால் இதே யோசனையை வைத்து இந்தியாவின் டெலிபோன் பஞ்சத்தையே தீர்த்துவிடலாம் என்று 1990-களில் ஒரு குழு கிளம்பியது. குழு இருந்த இடம் திருவான்மியூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஐஐடி மெட்ராஸ். அவர்கள் செய்த பெட்டியின் பெயர் கார்டெக்ட் வால்செட். ஹெட்போனுக்கும் டெலிபோனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சம்பந்தம் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. அங்கிருந்தே தொடங்கலாம்.

ஜாக் பிறந்த வீடு

ஹெட்போன் வயரின் நுனியில் இருக்கும் அந்த உலோகக் குச்சி பாட்டுக் கேட்பதற்காகப் பிறந்தது அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் பிறந்தது. அந்தக் காலத்தில் ஒருவர் போனை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஆபரேட்டர்தான் பதில் சொல்வார். யாருடன் பேச வேண்டும் என்று கேட்டு, வயர் கோத்த குச்சியை எடுத்து அந்த நபருக்குரிய துளையில் சொருகுவார். இணைப்பு கிடைத்துவிடும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சொருகி எடுத்தாலும் தேயாமல், கழன்று விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் குச்சிக்கு அப்படி ஒரு உருவம். அப்போது அதன் அளவு கால் அங்குலம். கிடாரில் இன்றைக்கும் இருப்பது அதே அளவுதான். அதைச் சுருக்கிய வடிவம்தான் 3.5 மில்லிமீட்டர். டிரான்சிஸ்டர் ரேடியோவோடு பரவி, 1979-இல் சோனி வாக்மேன் வந்த பிறகு உலகம் முழுக்க நிலைத்துவிட்டது.

மெட்ராஸுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882-இல். ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று ஊர்களிலும் எக்ஸ்சேஞ்ச் திறந்தது. ஆக, ஹெட்போன் ஜாக்கின் மூதாதையர் இந்த ஊருக்கு வந்து 140 வருஷம் தாண்டிவிட்டது.

வயர்லெஸில் வருவதை வயர் ஹெட்போனில் கேட்பதும் மெட்ராஸுக்குப் புதிது அல்ல. 1924-இல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கி, அதே வருஷம் ஒலிபரப்பையும் ஆரம்பித்தது. ஒலிபெருக்கி வைத்த ரேடியோ பெட்டி பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியான காலம் அது. அப்போது உலகம் முழுக்க மலிவாகக் கிடைத்தது கிரிஸ்டல் செட். பேட்டரியே வேண்டாம். ஆனால் சத்தம் ரொம்ப மெல்லிசாக இருக்கும், ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டால்தான் கேட்கும். அந்த கிரிஸ்டல் செட்டும் ஒரு வகையில் பார்த்தால் ஹெட்போனுக்கான வயர்லெஸ் அடாப்டர்தான்!

கிளப் பணமில்லாமல் 1927-இல் மூடப்பட்டது. டிரான்ஸ்மிட்டர் மெட்ராஸ் கார்ப்பரேஷன் கைக்குப் போய், 1930-இல் கார்ப்பரேஷனே ஒலிபரப்பத் தொடங்கியது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்களுக்காக மெரினா கடற்கரை மாதிரிப் பொது இடங்களில் ஒலிபெருக்கி கட்டினார்கள். 1938-இல் ஆல் இந்தியா ரேடியோ மெட்ராஸ் நிலையம் வந்த பிறகு அந்தச் சேவை முடிந்தது. இங்கே ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். தொழில்நுட்பம் தயாராக இருந்தும் கிளப் நிற்கவில்லை. மாதாமாதம் ஆகும் செலவை யார் கொடுப்பது என்ற இடத்தில்தான் அது விழுந்தது. எழுபது வருஷம் கழித்து இதே கேள்வி ஐஐடி வாசலிலும் வந்து நின்றது.

முப்பதாயிரம் ரூபாய்க் கணக்கு

1994-இல் மத்திய அரசு ஒரு தேசிய டெலிகாம் கொள்கை வெளியிட்டது. அதில் இருந்த எண்கள்: நாடு முழுக்க ஏறத்தாழ 80 லட்சம் போன் இணைப்புகள், காத்திருப்போர் பட்டியலில் 25 லட்சம் பேர். நூறு பேருக்கு ஒரு போன்கூட இல்லை, 0.8 தான். உலகச் சராசரி அப்போது நூற்றுக்கு 10. இன்று ஒரே வீட்டில் நாலு செல்போன் இருக்கும்போது இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அப்போது வீட்டுக்கு போன் வந்தால் தெருவுக்கே வந்த மாதிரி. விசிட்டிங் கார்டில் பக்கத்து வீட்டு நம்பரைப் போட்டு, அதற்குப் பக்கத்தில் "பிபி" என்று அடித்துக்கொண்ட காலம்.

ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, திமோதி கொன்சால்வஸ் முதலானோர் சேர்ந்த குழுவுக்கு டெனெட் என்று பெயர். பட்டியல் இவ்வளவு நீளமாக இருக்கக் காரணம் எஞ்சினியரிங் என்பதைவிட வரவு செலவு என்பதுதான் அவர்கள் பிடித்த இடம். ஜுன்ஜுன்வாலா போகிற இடமெல்லாம் சொன்ன கணக்கு காமர்ஸ் வகுப்பு கரும்பலகையில் போடத் தகுந்தது.

ஒரு புதிய போன் இணைப்பு கொடுக்க கம்பெனிக்கு ஆகும் முதலீடு அப்போது சுமார் 30,000 ரூபாய். அந்த முதலீட்டுக்கு வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் சேர்த்தால் வருஷத்துக்குக் குறைந்தது 35 சதவீதமாவது திரும்பி வர வேண்டும். அதாவது 10,500 ரூபாய். மாசத்துக்கு 875 ரூபாய். அன்றைய இந்தியாவில் போனுக்கென்றே மாசம் 875 ரூபாய் எடுத்து வைக்க எத்தனை குடும்பத்தால் முடியும்? அந்தச் சிலருக்கு மட்டும்தான் போன் போய்ச் சேரும். மற்றவர்கள் பட்டியலில் நிற்க வேண்டியதுதான்.

இப்போது முதலீட்டை 10,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தால்? வருஷத்துக்கு 3,500. மாசத்துக்கு 290 ரூபாய்க்குப் பக்கம். மூன்றில் ஒரு பங்கு விலை, ஆனால் வாங்கக்கூடியவர்கள் எண்ணிக்கை பல மடங்கு. பணக்கார நாடுகளுக்கு இந்தக் கவலை கிடையாது. அங்கே கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் போன் வந்தாயிற்று, அதனால் இணைப்பின் அடக்க விலையைக் குறைக்க அங்குள்ள கம்பெனிகள் மெனக்கெட மாட்டார்கள், அதை நாம்தான் செய்தாக வேண்டும் என்பது டெனெட் குழுவின் வாதம்.

செலவு எங்கே போகிறது என்று பார்த்தால், பெரும்பகுதி எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை போகும் செம்புக் கம்பியில். தெருவைத் தோண்ட வேண்டும், கேபிள் புதைக்க வேண்டும், மழையில் தண்ணீர் இறங்கினால் மறுபடி தோண்ட வேண்டும். செம்பு விலை உயர்ந்தால் கேபிளைத் திருடவும் ஆள் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் விலை வருஷா வருஷம் இறங்கும்; செம்பு விலையும் தோண்டும் கூலியும் ஏறத்தான் செய்யும். முடிவு: கம்பியைத் தூக்கு.

வால்செட் என்ற அடாப்டர்

டெனெட் குழுவும், ஐஐடியின் பழைய மாணவர்கள் சென்னையில் தொடங்கிய மைடாஸ் கம்யூனிகேஷன் டெக்னாலஜீஸ் கம்பெனியும், அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் சிப் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கியதுதான் கார்டெக்ட். அடிப்படை, ஐரோப்பாவில் 1992-இல் வந்த டெக்ட் என்ற தரம். வீட்டுக்குள் கார்ட்லெஸ் போன் பேசுவதற்காக வந்தது அது. நூறு இருநூறு மீட்டர் தூரத்துக்கான அந்தத் தரத்தை எடுத்து, கூரையில் ஆன்டெனா கட்டி, நேர்ப்பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர் வரை போகும்படி இங்கே மாற்றினார்கள். நடுவில் ஒரு ரிலே நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர்.

அமைப்பு எளிது. எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, சுமார் ஆயிரம் வாடிக்கையாளர்களுக்கு ஒன்று. கோபுரத்தின் மேல் சின்ன பேஸ் ஸ்டேஷன்கள். வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் வால்செட். இந்த வால்செட்தான் நமது கதாநாயகன்.

வால்செட்டில் சாதாரண டெலிபோன் ஜாக் ஒன்று இருக்கும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் எந்த போனையும் அதில் சொருகலாம். சுழற்றும் போனா, பட்டன் போனா, ஃபேக்ஸ் மெஷினா, பூத்துக்காரரின் மீட்டர் வைத்த போனா, எதுவானாலும் சரி. போனுக்கு எதுவும் தெரியாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த செம்புக் கம்பியில் இருக்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். டயல் டோன் கொடுப்பது, மணி அடிக்கத் தேவையான மின்னழுத்தத்தை உண்டாக்குவது, குரலை விநாடிக்கு 32 கிலோபிட் அளவில் சுருக்கி 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்புவது எல்லாம் வால்செட் வேலை. ப்ளூடூத் பெட்டி ஹெட்போனுக்குச் செய்வதை அப்படியே டெலிபோனுக்குச் செய்தது!

அடுத்து வந்த மாடலில் கம்ப்யூட்டருக்கும் ஒரு துளை வைத்தார்கள். போன் பேசாத நேரத்தில் இன்டர்நெட் விநாடிக்கு 70 கிலோபிட், பேசிக்கொண்டே பார்த்தால் 35 கிலோபிட். இன்றைக்குச் சிரிப்பு வரும். ஆனால் அது மோடம் கீச்சிட்டு இணைப்பு கிடைக்கும் வரை காத்திருந்த காலம். இன்டர்நெட்டில் இருந்தால் வீட்டுக்கு போன் வராது, போன் வந்தால் இன்டர்நெட் அறுந்துவிடும். கார்டெக்டில் இரண்டும் ஒன்றாகவே ஓடின. அதுவும் இன்டர்நெட் போக்குவரத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் விடாமல் தனியாகப் பிரித்து அனுப்பியது.

ஆனால் கம்பியைத் தூக்கியபோது கூடவே ஒன்று போனது. செம்புக் கம்பி குரலை மட்டும் கொண்டுவரவில்லை, மின்சாரத்தையும் அதுவேதான் கொண்டுவந்தது. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 48 வோல்ட் பேட்டரியில்தான் வீட்டு போன் உயிர் வாழ்ந்தது. ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தாலும் லேண்ட்லைன் வேலை செய்யக் காரணம் அதுதான். வால்செட்டுக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும், கரண்ட் போனால் உள்ளே பேட்டரி வேண்டும். வயர் ஹெட்போனுக்கு சார்ஜ் போடுகிற வழக்கமே கிடையாது, ஆனால் அடாப்டருக்குப் போட வேண்டும் என்பதும் இதே கதை. வயரை எடுத்தால் பேட்டரி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மேலூர் வரை போன பெட்டி

ஆந்திராவின் குப்பம் பகுதியிலும், மடகாஸ்கர், ஃபிஜி போன்ற வெளிநாடுகளிலும் கார்டெக்ட் ஓடியது. ஆனால் தமிழ் வாசகர்களுக்கு முக்கியமான இடம் மதுரை மாவட்டம் மேலூர் தாலுகா. டெனெட் குழுவின் முயற்சியில் வந்த என்-லாக் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனமும், அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களும் ஐஐடி மெட்ராஸோடு சேர்ந்து 2001-இல் அங்கே சாரி என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். ஊரில் ஒரு கோபுரம், சுற்று வட்டாரக் கிராமங்களில் கியோஸ்க். கியோஸ்க் என்றால் ஒரு சின்ன அறை, அதில் கார்டெக்ட் வால்செட், ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர், வெப்கேமரா, பேட்டரி. மொத்தம் சுமார் 50,000 ரூபாய் முதலீடு. கிராமத்தில் இருக்கும் யாராவது ஒருவர் கடன் வாங்கி நடத்த வேண்டும். அதாவது எஸ்.டி.டி. பூத் கணக்கு, இன்டர்நெட்டுக்கு.

சென்னை கவிகள் என்ற நிறுவனத்தின் தமிழ் ஆபீஸ் மென்பொருள் அந்தக் கம்ப்யூட்டர்களில் இருந்தது. தாலுகா அலுவலகத்துக்கு மனுவை ஈமெயிலில் அனுப்பினார்கள். வெப்கேமராவில் கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி, ஆபரேஷன் தேவையா என்று கேட்டார்கள். பஸ் பிடித்து மதுரை போய், ஒரு நாள் கூலியை விட்டு, வரிசையில் நின்று கேட்க வேண்டிய ஒரு கேள்விக்குக் கிராமத்திலேயே பதில் கிடைத்தது. டெலிமெடிசின் என்ற வார்த்தை பரவுவதற்கு முன்பு நடந்த விஷயம் இது.

ஆனால் சில வருஷங்களில் பெரும்பாலான கியோஸ்குகள் மூடப்பட்டன. சாரி திட்டத்தை ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, நடத்துகிறவருக்கு நீண்ட காலத்துக்கு லாபம் கட்டவில்லை. இரண்டு, அரசு அலுவலகம் மாறவில்லை. மனு ஈமெயிலில் போகிறது, அந்தப் பக்கம் அதைப் பார்க்க ஆர்வமுள்ள அதிகாரி இருக்கும் வரை வேலை நடக்கிறது, அவருக்கு மாற்றல் வந்தால் நின்றுவிடுகிறது. அடாப்டர் ஒரு முனையைத்தான் மாற்றும். மறுமுனை பழைய மாதிரியே இருந்தால் அது என்ன செய்யும் பாவம்!

501 ரூபாய்

கார்டெக்டை நிஜமாகவே தோற்கடித்தது செல்போன். 1995-இல் செல்போன் இந்தியாவுக்கு வந்தபோது அது போட்டியாகவே தெரியவில்லை. வருகிற அழைப்புக்கும் காசு, ஒரு நிமிஷம் பேச 16 ரூபாய் வரை. அந்த விலையை வைத்துப் பார்த்தால் வால்செட் பக்கம்தான் நியாயம். ஆனால் 1999 டெலிகாம் கொள்கையில் உரிமக் கட்டணம் வருமானப் பங்காக மாறியது. கம்பெனிகளின் சுமை குறைந்தது. 2002 டிசம்பர் 28 அன்று ரிலையன்ஸ் இன்ஃபோகாம் வந்தது. 2003-இல் வருகிற அழைப்புகள் இலவசம் ஆயின. அதே வருஷம் 501 ரூபாய் முன்பணம் கொடுத்தால் கையில் செல்போன், மீதி மாதத் தவணை என்ற ரிலையன்ஸ் திட்டம் நாட்டையே கலக்கியது. 2004-இல் செல்போன்களின் எண்ணிக்கை லேண்ட்லைன்களைத் தாண்டிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். கார்டெக்டின் வாதம் முழுக்க "பழைய போன் அப்படியே இருக்கட்டும், கம்பிச் செலவு மட்டும் மிச்சம்" என்பதில் நின்றது. புதுக் கருவியின் விலை, பழைய கருவி பிளஸ் அடாப்டர் விலையைவிடக் கீழே இறங்கும் நாளில் அந்த வாதம் முடிந்துவிடும். செல்போனில் அது நடந்தது, அதுவும் எதிர்பார்த்ததைவிட வேகமாக. கூடவே செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம், வால்செட்டைச் சுவரில்தான் மாட்டலாம்.

அதனால் கார்டெக்ட் தோல்வியா? ஜுன்ஜுன்வாலாவுக்கு 2002-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, பாஸ்கர் ராமமூர்த்தி 2011-இல் ஐஐடி மெட்ராஸ் இயக்குநர் ஆனார் என்பதெல்லாம் தனிப்பட்ட பெருமைகள். அதைவிடப் பெரியது, ஓர் இணைப்பின் விலையைக் குறைத்தால்தான் போன் ஏழைக்குப் போகும் என்ற கணக்கு. அது சரியாகவே இருந்தது. செல்போன் கம்பெனிகள் ஜெயித்ததும் அதே கணக்கில்தான், கருவி மட்டும் வேறு.

தேய்மானம் யாருக்கு?

இப்போது மூன்றாவது கட்சிக்கு வரலாம். 2016-இல் ஆப்பிள் ஐபோன் 7-இல் ஹெட்போன் ஜாக்கை எடுத்தது. மற்ற கம்பெனிகள் பலவும் பின்னால் போயின. வீட்டில் நல்ல நிலையில் இருந்த வயர் ஹெட்போன்கள் ஒரே நாளில் அனாதை ஆயின. அடாப்டருக்கு வேலை வந்தது அப்படித்தான். ஆனால் இன்று ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே வயரில்லா இயர்பட்ஸ் கிடைக்கின்றன. கார்டெக்டுக்கு வந்த அதே 501 ரூபாய்ச் சோதனை இந்தக் குட்டிப் பெட்டிக்கும் வந்துவிட்டது. அப்படியானால் இதுவும் ஒழிந்துவிடுமா?

ஒரு வித்தியாசம் இருக்கிறது. இயர்பட்ஸில் ஒலிக்கும் பாகம், ரேடியோ, பேட்டரி மூன்றும் ஒரே உடம்பு. பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும். பெரும்பாலான மாடல்களில் அதை மாற்ற வழி இல்லை. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரும் சேர்ந்து குப்பைக்குப் போகும். அடாப்டரில் தேய்கிற பொருளும் நிலைக்கிற பொருளும் தனித்தனி. பேட்டரி செத்தால் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். ப்ளூடூத்தில் புதுத் தரம் வந்தாலும் அதே. ஹெட்போன் பத்து வருஷம் உழைக்கும். கணக்குப் பதிவியலில் ஒவ்வொரு சொத்துக்கும் தனித் தேய்மான விகிதம் போடச் சொல்வது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வேறு வேறு ஆயுள் உள்ள இரண்டு பொருளை ஒன்றாக ஒட்டி விற்றால், குறைந்த ஆயுள்தான் இரண்டுக்கும் ஆயுள். அந்த நஷ்டம் வாங்குகிறவர் தலையில்.

அடாப்டருக்கும் குறை உண்டு. படம் பார்க்கும்போது உதட்டசைவுக்கும் குரலுக்கும் கொஞ்சம் இடைவெளி விழலாம். சார்ஜ் போட வேண்டிய சாமான் இன்னொன்று கூடும். போனில் ஜாக் இருந்தால் அடாப்டரே வேண்டாம், நேராகச் சொருகுவதுதான் மலிவு.

கார்டெக்டின் யோசனையும் முழுசாகச் சாகவில்லை. 2023-இல் ஏர்டெல், ஜியோ இரண்டும் ஏர்ஃபைபர் என்ற பெயரில் ஒரு சேவையைக் கொண்டுவந்தன. வீட்டுக்கு வெளியே ஒரு ரேடியோ பெட்டி, உள்ளே ஒரு ரௌட்டர், தெருவைத் தோண்டும் வேலையே கிடையாது. வீட்டில் இருக்கும் டிவியும் கம்ப்யூட்டரும் அப்படியே இருக்க, கடைசித் தூரத்துக் கம்பி மட்டும் காணாமல் போகிறது. வேகம் விநாடிக்கு 70 கிலோபிட்டிலிருந்து பல மெகாபிட்டுக்கு வந்திருக்கிறது. யோசனை அன்றைக்கு ஐஐடியில் போட்ட அதேதான். கம்பி விலையும் பெட்டி விலையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும் வரை யாராவது ஒருவர் ஓர் அடாப்டரைச் செய்துகொண்டேதான் இருப்பார்.